எங்க இறங்கணும்?

ரயிலின் பொதுப் பெட்டியில் எப்படியோ ஒரு காலை உள்ளே வைத்து, பையை மேலே திணித்துவிட்டு நிமிர்ந்தால் முதலில் காதில் விழுவது இந்தக் கேள்விதான். "எங்க இறங்கணும்?" பெயரைக் கேட்க மாட்டார்கள். என்ன வேலை, எத்தனை பிள்ளைகள் என்றெல்லாம் கேட்பதற்கு விழுப்புரம் தாண்ட வேண்டும். முதலில் இது. புதிதாக ஏறுகிறவர்களுக்கு ஏதோ வம்பு விசாரிப்பது போலத் தெரியும், ஆனால் அதற்குள் ஒரு பெரிய கணக்கே இருக்கிறது. செங்கல்பட்டில் இறங்குகிறவரின் இடம் அடுத்து யாருக்கு, விருத்தாசலம் வரை நிற்கக்கூடியவர் யார், நிற்கவே முடியாதவர் யார், மதுரை வரை போகிற பாட்டியை எந்த மூலையில் உட்கார வைத்தால் வருகிறவர் போகிறவர் காலை மிதிக்காமல் இருப்பார்கள், இதெல்லாம் தாம்பரம் வருவதற்குள் யாரும் தலைமை தாங்காமலே முடிவாகிவிடும்.

எனக்கு ஊர் சாத்தூர் பக்கம் ஒரு கிராமம். இருப்பது சென்னையில், சேத்துப்பட்டில். அம்மா ஊரில் தனியாக இருப்பதால் மாதம் ஒரு தடவையாவது போய்விடுவேன். முன்பதிவு கிடைத்தால் சரி, கிடைக்காத மாதங்களில் எழும்பூரில் குருவாயூர் எக்ஸ்பிரஸின் பொதுப் பெட்டி, இல்லையென்றால் ராத்திரி பஸ். பத்துப் பன்னிரண்டு வருடமாக இப்படித்தான். ஆரம்பத்தில் புத்தகம் எடுத்துப் போவேன். இப்போது எடுப்பதில்லை, பிரித்தாலும் நாலு பக்கத்துக்கு மேல் ஓடாது, ஏனென்றால் எதிரே உட்கார்ந்திருக்கும் மனிதர்களை விட்டுவிட்டு வேறு எதையும் படிக்க எனக்கு மனசு வருவதில்லை.

வேடிக்கை பார்ப்பது என்று நம் ஊரில் சொன்னால் அது கொஞ்சம் கெட்ட பெயர் எடுத்த வார்த்தை. "வேடிக்கை பாத்துக்கிட்டு நிக்காத, வந்து ஒரு கை பிடி" என்று அதட்டுவார்கள். விபத்து நடந்த இடத்தில் "அத்தனை பேரும் வேடிக்கைதான் பாத்தாங்க, ஒருத்தன் கிட்ட வரல" என்பார்கள். இத்தனை வருடம் ரயிலிலும் பஸ்ஸிலும் பார்த்ததில் எனக்குத் தோன்றுவது வேறு. வேடிக்கை பார்க்கிறவர்கள்தான் உதவுகிறார்கள். ஜன்னலை மூட முடியாமல் ஒருவர் திணறுவதை முன்பே பார்த்துவிட்டவர் கைதான் முதலில் நீள்கிறது. கேட்டு வாங்குகிற உதவி ஒரு வகை. கேட்பதற்கு முன்பே, எதிரே இருப்பவர் பார்த்துக்கொண்டே இருந்த காரணத்தால் வந்து சேர்கிற உதவி இன்னொரு வகை. இரண்டாவதை வாங்கிக்கொள்ளும்போது கூச்சம் இருப்பதில்லை.

போன சித்திரையில் நடந்ததைச் சொல்கிறேன். நல்ல வெயில், பெட்டியில் நிற்க இடமில்லை. விழுப்புரத்தில் ஒரு பெண் ஏறினார், இருபத்தி இரண்டு இருபத்தி மூன்று வயதிருக்கும், கையில் மூன்று மாதக் குழந்தை, கூடவே அவருடைய மாமியார். திண்டுக்கல் போக வேண்டும். உட்கார இடம் கொடுப்பதெல்லாம் பெரிய விஷயமில்லை, அது உடனே நடந்துவிட்டது. குழந்தைதான் அடங்கவில்லை. பால் கொடுத்துப் பார்த்தார், தோளில் போட்டுப் பார்த்தார், மாமியார் வாங்கி ஆட்டிப் பார்த்தார். வியர்த்து, முகமெல்லாம் சிவந்து, மூச்சுப் பிடிக்க அழுகிறது. அந்தப் பெண்ணுக்குக் குழந்தை அழுவதைவிடச் சுற்றி இருப்பவர்கள் என்ன நினைப்பார்களோ என்பதுதான் கவலை என்று முகத்திலேயே தெரிந்தது, ஒவ்வொருவரையும் பார்த்துப் பார்த்து மன்னிப்புக் கேட்கிற மாதிரி சிரிக்கிறார்.

எதிர் சீட்டில் ஒரு பெரியவர், வேட்டியை மடித்துக் கட்டி, முறுக்கு மீசையோடு, ஏறியதிலிருந்து யாரிடமும் ஒரு வார்த்தை பேசாதவர். சடாரென்று எழுந்து, "ஏம்மா, சேலை இருக்கா? பழைய சேலை?" என்றார். மாமியார் பையைத் துழாவி ஒரு பூனம் சேலையை எடுத்தார். பெரியவர் அதை உதறிப் பார்த்துவிட்டு, "இது வழுக்கும், முடிச்சு நிக்காது, நூல் சேலை வேணும்" என்றார். அப்போது ஜன்னலோரம் இருந்த வேறொரு அம்மா, இவர்களோடு எந்தச் சம்பந்தமும் இல்லாதவர், தன் கட்டைப்பையிலிருந்து துவைத்து மடித்த சுங்குடிச் சேலை ஒன்றை எடுத்து நீட்டினார். அதை இந்தப் பக்கம் சாமான் வைக்கும் பலகையின் கம்பியிலும் அந்தப் பக்கக் கம்பியிலும் இரண்டு முனையையும் இழுத்துக் கட்டி, தானே இரண்டு கையாலும் தொங்கி ஒரு முறைக்கு இரண்டு முறை பாரம் பார்த்தார் பெரியவர். தூளி தயார். ஆனால் துணி இரண்டு பக்கமும் சேர்ந்து குழந்தையின் முகத்தை மூடிக்கொள்கிறது. வீட்டில் என்றால் குறுக்கே ஒரு கட்டை வைப்பார்கள். நின்றுகொண்டிருந்த கல்லூரிப் பையன் ஒருவன் எதுவும் சொல்லாமல் யாருடையதோ ஒரு குடையை மேலேயிருந்து எடுத்துக் குறுக்கே கொடுத்தான். சரியாக உட்கார்ந்தது.

அதன் பிறகு நடந்ததுதான் எனக்கு மறக்கவில்லை. தூளி நடுவில் தொங்குவதால் எதிரும் புதிருமாக உட்கார்ந்திருந்த எட்டுப் பேரும் முழங்காலை ஒடுக்கிக்கொள்ள வேண்டியதாயிற்று. ஒருவரும் முணுமுணுக்கவில்லை. யார் கை சும்மா இருக்கிறதோ அவர் ஒரு ஆட்டு ஆட்டுவார், அவர் நிறுத்தினால் இன்னொருவர். அரியலூர் தாண்டி ஒரு டீக்காரர் வந்தார். "டீ டீ டீ… காபி காபி" என்று பெட்டியே அதிரும் குரல். எங்கள் வரிசைக்கு வந்ததும் தூளியைப் பார்த்தார், குரல் அப்படியே நின்றது. டீ கேனைத் தோளுக்கு மேல் தூக்கிப் பிடித்து, உடம்பை ஒருக்களித்து, குதிகாலை ஊன்றாமல் நடந்து தாண்டிப் போய், அடுத்த வரிசைக்கு அடுத்த வரிசையில் மறுபடி "டீ டீ டீ". திரும்பி வரும்போதும் அதே மாதிரி. அப்புறம் வடைக்காரர், முறுக்குக்காரர், எல்லாரும் அந்த ஒரு இடத்தில் மட்டும் வாயை மூடிக்கொண்டு போனார்கள். அவர்களுக்கு யாரும் சைகைகூடக் காட்டவில்லை. கூவி விற்றால்தான் அவர்களுக்குக் காசு, அந்த வரிசையில் எட்டுப் பேர் உட்கார்ந்திருக்கிறோம், பத்துப் பேர் நிற்கிறோம்.

திண்டுக்கல்லில் இறங்கும்போது அந்தப் பெண் சேலையை அவிழ்த்து மடித்துக் கொடுக்க வந்தார். ஜன்னலோர அம்மா, "வச்சுக்கோ தாயி, பிள்ளை படுத்த சேலையைத் திருப்பி வாங்கக் கூடாது" என்று சொல்லிவிட்டார். அப்படி ஒரு வழக்கம் இருக்கிறதா என்று எனக்குத் தெரியாது, அந்த நிமிடத்தில் அவரே உண்டாக்கியது என்றுதான் நினைக்கிறேன்.

பெரிய ஸ்டேஷன்களில் இன்னொன்றையும் பார்க்கலாம். திருச்சியில் வண்டி கொஞ்ச நேரம் நிற்கும். பிளாட்பாரக் குழாயில் தண்ணீர் பிடிக்க இளவட்டங்கள் இறங்குவார்கள். தன் பாட்டிலோடு மட்டும் இறங்குகிறவன் குறைவு. "பாட்டில் குடுங்க ஆச்சி, பிடிச்சுட்டு வர்றேன்" என்று ஒவ்வொரு விரலிடுக்கிலும் ஒரு பாட்டிலாக ஆறேழைக் கோத்துக்கொண்டு ஓடுவான். அந்த ஆச்சிக்குத் தண்ணீர் வருமோ வராதோ என்பதைவிடப் பையன் வண்டியை விட்டுவிடுவானோ என்ற பயம். கம்பியைப் பிடித்துக்கொண்டு எட்டி எட்டிப் பார்ப்பார். அவன் ஏறிய பிறகு திட்டுவார். முன்பு ஒற்றைத் தடமாக இருந்த காலத்தில் கிராசிங்குக்காகச் சின்னச் சின்ன ஸ்டேஷன்களில் வண்டி நின்றுகொண்டே இருக்கும், இந்தப் பயம் இல்லாமல் நிதானமாகப் பிடித்து வரலாம். இப்போது இரட்டைப் பாதை வந்துவிட்டது, வேகமாகப் போகிறோம், நல்லதுதான்.

முதியவர்களுக்கான ரயில் கட்டணச் சலுகை 2020 மார்ச்சில் நிறுத்தப்பட்டது. அதுவரை 60 வயது தாண்டிய ஆண்களுக்கு 40 சதவீதமும் 58 தாண்டிய பெண்களுக்கு 50 சதவீதமும் குறைத்துத்தான் டிக்கெட் கொடுத்தார்கள். அதற்குப் பிறகு பொதுப் பெட்டியில் வயதானவர்களை அதிகம் பார்ப்பதாக எனக்குப் படுகிறது. அதனால்தான் இந்த "எங்க இறங்கணும்" கேள்வி இப்போது இன்னும் முக்கியமாகிவிட்டது என்று நினைக்கிறேன்.

சாப்பாட்டைப் பற்றியும் சொல்ல வேண்டும். என் சின்ன வயதில் ரயிலில் புளியோதரைப் பொட்டலத்தைப் பிரித்தால் பக்கத்தில் இருப்பவருக்கு ஒரு கை கொடுக்காமல் சாப்பிட்டதில்லை. இப்போது முன்பின் தெரியாதவர்கள் தரும் தின்பண்டங்களை வாங்கிச் சாப்பிடாதீர்கள் என்று எச்சரிக்கிறார்கள். மயக்க மருந்து கலந்து கொடுத்து நகையையும் பணத்தையும் எடுத்துக்கொண்டு போன சம்பவங்கள் நடந்திருப்பதால்தான் அந்த எச்சரிக்கை, அதில் தப்பு சொல்ல முடியாது. நீட்டியதை ஒருவர் வேண்டாம் என்றால் அதற்காக முகம் சுண்ட வேண்டியதில்லை, அவர் தன் பிள்ளையைப் பார்த்துக்கொள்கிறார். நான் இப்போது செய்வது, வெள்ளரிக்காய்க்காரர் வரும்போது அவர் கையாலேயே இரண்டு பேருக்குமாக வாங்குவது. இல்லாவிட்டால் தோலுரிக்காத வாழைப்பழம். சின்னப் பிள்ளைகளிடம் நேராக நீட்டுவதே இல்லை, அம்மாவின் கையில் கொடுத்துவிட்டு ஜன்னல் பக்கம் திரும்பிக்கொள்வேன். கொடுப்பதா வேண்டாமா என்பதை அவர் முடிவு செய்துகொள்ளட்டும். நம் முகத்தைப் பார்த்துக்கொண்டு அவர் முடிவெடுக்க வேண்டாம்.

சென்னைக்குள் கடற்கரை–தாம்பரம் மின்சார ரயிலில் தினமும் போகிறவர்களுக்குப் பார்வையற்ற வியாபாரிகளைத் தெரியும். கடலைமிட்டாய், பேனா, அடையாள அட்டை உறை, செல்போன் கவர் என்று கழுத்தில் மாட்டிய பையோடு பெட்டி பெட்டியாக வருவார்கள். ஒரு நாள் மாம்பலம் தாண்டி ஒரு கல்லூரிப் பெண் அவர்களில் ஒருவரிடம் கடலைமிட்டாய் வாங்கினாள். நோட்டை நீட்டும்போது, "அண்ணா, இது இருநூறு ரூபா நோட்டு, சில்லறை இருக்கா?" என்று சத்தமாகவே சொன்னாள். அவர் நோட்டை வாங்கி, நீளவாக்கில் விரலை ஓட்டி, ஓரத்தை நகத்தால் தடவி, "சரியா இருக்கும்மா" என்று சொல்லி நாலாக மடித்துத் தனிப் பையில் வைத்தார். நூறை இரண்டாக மடித்து வேறு பையில் வைத்திருந்தார். ஒவ்வொரு நோட்டுக்கும் ஒரு மடிப்பு, ஒரு பை.

அன்றைக்கு ராத்திரி வீட்டில் ஸ்கேலை எடுத்து நோட்டுகளை அளந்து பார்த்தேன். இப்போதைய நூறு ரூபாய் நோட்டு 142 மில்லிமீட்டர் நீளம், இருநூறு 146, ஐநூறு 150. அகலம் மூன்றுக்கும் ஒன்றுதான், 66. அதாவது நூறுக்கும் ஐநூறுக்கும் நடுவில் மொத்தமே எட்டு மில்லிமீட்டர். 2016க்கு முன்பிருந்த பழைய நோட்டுகளில் நூறு 157, ஐநூறு 167, பத்து மில்லிமீட்டர் வித்தியாசம், நடுவில் இருநூறு என்று ஒன்று கிடையாது. ஓடுகிற ரயிலில், ஒரு கையால் கம்பியைப் பிடித்துக்கொண்டு, நாலு மில்லிமீட்டரை விரலால் கண்டுபிடித்துத்தான் அவர் பிழைக்க வேண்டும். கேமராவைக் காட்டினால் எந்த நோட்டு என்று சொல்கிற செயலியை ரிசர்வ் வங்கி 2020இல் கொண்டுவந்தது, நல்ல விஷயம்தான், ஆனால் கிண்டியில் ஏறுகிற கூட்டத்தில் யாரால் போனை வெளியே எடுக்க முடியும். நோட்டு என்ன என்று வாயால் சொல்வது ஒரு வினாடி வேலை. அந்தப் பெண்ணைப் பார்த்துத்தான் நானும் கற்றுக்கொண்டேன்.

அவர்களில் ஒருவர் எனக்கு நேராகவே ஒன்றைச் சொல்லிக் கொடுத்தார். பல்லாவரத்தில் இறங்கும்போது உதவுவதாக நினைத்து அவர் கையைப் பிடித்து இழுத்துவிட்டேன். கோபப்படவில்லை, நின்றார். "மேடம், நீங்க என்னைப் பிடிக்காதீங்க, நான் உங்களைப் பிடிச்சுக்கிறேன்" என்றார். என் முழங்கைக்கு மேலே லேசாகப் பிடித்துக்கொண்டு அரை அடி பின்னால் வந்தார். அப்படி வந்தால் முன்னால் போகிறவர் படி இறங்குவது, திரும்புவது எல்லாம் அந்தக் கை வழியாகவே அவருக்குத் தெரிந்துவிடுமாம். நான் பிடித்து இழுத்தால் அவருக்கு ஒன்றும் தெரியாது, பயம்தான் மிச்சம். எத்தனை பேரை எத்தனை வருடமாக இப்படி இழுத்திருப்பேன் என்று நினைத்து அன்றைக்கு மிகவும் வருந்தினேன்.

மதுரை மாட்டுத்தாவணி பஸ் ஸ்டாண்டில் பார்த்ததையும் எழுதிவிடுகிறேன். பிழைப்புக்காக வட மாநிலங்களிலிருந்து வரும் பையன்களில் ஒருவன், முதுகில் பை, பஸ்களின் நெற்றிப் பலகையை ஒவ்வொன்றாக அண்ணாந்து பார்த்துக்கொண்டே நடக்கிறான். பெரும்பாலும் தமிழில்தான் எழுதியிருக்கும். நம் ஊரிலேயே எழுத்துத் தெரியாத ஆச்சிமார் "ஏப்பா, இது எங்க போற வண்டி" என்று கேட்டுக் கேட்டுத்தான் ஏறுகிறார்கள், ஆனால் அவனுக்குக் கேட்கவும் மொழி இல்லை. பூக்கார அம்மா ஒருவர் கட்டிக்கொண்டிருந்த மல்லிகைச் சரத்தை அப்படியே விட்டுவிட்டு, "எய்யா, எங்க போகணும்?" என்றார். அவன் போனைக் காட்டினான். ஆங்கிலத்தில் இருந்தது, அவருக்குப் படிக்க வரவில்லை. பக்கத்தில் நின்ற ராஜபாளையம் பஸ் கண்டக்டரைக் கூப்பிட்டார். அவர் படித்தார், திருப்பூர். மேற்கே போகிற வண்டிகளுக்கு ஆரப்பாளையம் போக வேண்டும், இங்கே விடிய விடிய நின்றாலும் திருப்பூர் வண்டி வராது. கண்டக்டர் அவனைத் தோளில் கை போட்டு டவுன் பஸ் நிற்கும் பக்கம் கூட்டிப்போய், அந்த பஸ்ஸின் கண்டக்டரிடம், "அண்ணே, இந்தத் தம்பிய ஆரப்பாளையத்துல இறக்கி, திருப்பூர் வண்டில ஏத்தி விட்ருங்க" என்றார். அந்த மனிதர் "ஏறு தம்பி" என்று முன் சீட்டைக் காட்டினார். மூன்று பேர் கை மாறி மாறி அவனைக் கொண்டுபோய்ச் சேர்த்தார்கள், மூன்று பேருக்கும் அவன் மொழி தெரியாது. பஸ் கிளம்பும்போது அவன் ஜன்னல் வழியாகப் பூக்கார அம்மாவைத் தேடினான். அவர் அதற்குள் அடுத்த முழம் அளந்துகொண்டிருந்தார்.

நான் செய்யாமல் விட்டதும் ஒன்று இருக்கிறது. சில வருடங்களுக்கு முன், திருமங்கலத்தில் ஒரு பெரியவர் பஸ்ஸில் ஏறினார், ஒரு கையில் எக்ஸ்ரே உறை, ஒரு கையால் கம்பி. அன்றைக்கு எனக்கு உடம்பெல்லாம் வலி. என் பக்கம் அவர் பார்வை வருவதற்குள் நான் கண்ணை மூடிக்கொண்டேன். தூங்கவில்லை. விருதுநகர் வரை அவர் நின்றார், நான் கண்ணை மூடியபடியே அவர் செருப்பு இடம் மாறி மாறி ஊன்றுகிற சத்தத்தைக் கேட்டுக்கொண்டு வந்தேன். இப்போதும் எக்ஸ்ரே உறையை யார் கையில் பார்த்தாலும் அந்தச் சத்தம் ஞாபகம் வருகிறது.

மதுரை ஜங்ஷனுக்கு எதிரே மங்கம்மாள் சத்திரம் இருக்கிறது. பதினேழாம் நூற்றாண்டின் கடைசியில் மதுரையை ஆண்ட ராணி மங்கம்மாளின் பெயர் இன்றைக்கும் இந்தப் பக்கத்து மக்களுக்கு ஞாபகம் இருப்பது சாலைகளையும் சத்திரங்களையும் வைத்துத்தான். நடந்து போகிறவர்களுக்கு ராத்திரி தலை சாய்க்க ஒரு இடம். ஆனால் எனக்கு ராணி கட்டிய சத்திரத்தைவிட எங்கள் ஊர்ப் பழைய வண்டிப்பாதையில் கிடக்கிற சுமைதாங்கிக் கல்தான் பெரிதாகத் தெரியும். இரண்டு கல் நட்டு, மேலே குறுக்காக ஒரு பலகைக் கல், அவ்வளவுதான், ஆள் உயரத்துக்குக் கொஞ்சம் குறைவாக இருக்கும்.

எங்கள் பாட்டி கரிசல் காட்டிலிருந்து பருத்திமாரை, அதாவது காய்ந்த பருத்திச் செடிகளை, கட்டாகக் கட்டித் தலையில் வைத்து வருவார். தலைச்சுமையில் ஒரு சிக்கல் இருக்கிறது, தூக்கியவர்களுக்குத்தான் தெரியும். தூக்கி விட ஒரு ஆள் வேண்டும், இறக்கி விடவும் ஒரு ஆள் வேண்டும். வழியில் கழுத்து வலித்தால் தானாக இறக்கிப் போட்டுவிடலாம்தான், ஆனால் மறுபடி ஏற்ற ஆள் வரும் வரை அங்கேயே நிற்க வேண்டியதுதான். அதனால் வலித்தாலும் இறக்காமல் நடப்பார்கள். அந்தக் கல்லுக்கு ஆள் வேண்டாம். கிட்டே போய் லேசாகக் குனிந்து சுமையைக் கல்லின் மேல் தள்ளிவிட்டு, கழுத்தைத் தேய்த்துக்கொண்டு, வெற்றிலை போட்டுக்கொண்டு, மறுபடி தலையைக் கொடுத்து எடுத்துக்கொண்டு போகலாம். பக்கத்திலேயே மாடுகள் முதுகு உரசிக்கொள்ள ஆவுரிஞ்சிக் கல் வைத்த ஊர்களும் உண்டு. வயிற்றில் பிள்ளையோடு செத்துப்போன பெண்களின் பெயரால் சுமைதாங்கி வைப்பது வழக்கம். இறக்கி வைக்காத சுமையோடு போய்விட்டாளே என்று பெற்றவர்களோ கட்டியவனோ வைத்த கல், அந்த வழியாகப் போகிற யார் யாருடைய கழுத்தையோ ஆற்றிக்கொண்டு நின்றது. தார்ச் சாலை வந்த பிறகு எங்கள் ஊர்க் கல் ஓரத்துக்குப் போய், இப்போது பாதி மண்ணுக்குள் இருக்கிறது.

யோசித்துப் பார்த்தால் வழிப்பயணத்தில் நாம் கேட்கிற உதவி எல்லாமே ஒரே மாதிரிதான் முடிகிறது. தூக்கி விடுங்க, இறக்கி விடுங்க, ஏத்தி விடுங்க, சொல்லி விடுங்க, எழுப்பி விடுங்க. எல்லாவற்றிலும் ஒரு "விடு" இருக்கிறது. செய்து, அதோடு விட்டுவிடுவது. பூக்கார அம்மா அடுத்த முழம் அளக்கப் போன மாதிரி.

2016 செப்டம்பரில் ஒரு சாயங்காலம் தம்பி போன் செய்தான். அப்பாவுக்கு முடியவில்லை, கிளம்பி வா என்று மட்டும் சொன்னான். கோயம்பேட்டில் நாகர்கோவில் பஸ் ஒன்றில் கடைசி சீட்டுக்கு முந்தின சீட்டு கிடைத்தது. பக்கத்தில் ஐம்பது வயது மதிக்கத்தக்க ஒரு அம்மா, மடியில் ஒரு தூக்குவாளி. பஸ் கிளம்பியதும் வழக்கம் போலக் கேட்டார், "எங்க எறங்கணும் பிள்ள?" சாத்தூர் என்று சொல்ல வாயைத் திறந்தேன், அழுகை வந்துவிட்டது. அவர் ஏன் என்று கேட்கவில்லை. என்ன ஆச்சு என்றும் கேட்கவில்லை. மடியில் இருந்த வாளியைக் கீழே காலுக்கிடையில் வைத்துவிட்டு, என் பக்கம் இருந்த ஜன்னல் கண்ணாடியைக் காற்று முகத்தில் அறையாத அளவுக்குச் சாத்தினார்.

வழியில் சாப்பாட்டுக்கு நிறுத்திய இடத்தில் நான் இறங்கவில்லை. அவர் போய் ஒரு பேப்பர் கப்பில் டீ வாங்கி வந்து, "குடி" என்றார். குடித்தேன். அப்புறம், "நீ ஒறங்கு. நான் வள்ளியூர்லதான் எறங்கணும். சாத்தூர் வந்ததும் எழுப்பி விடுதேன்" என்றார். அதுவரை எனக்கு இருந்த பயங்களில் ஒன்று, அப்படியே அசந்து தூங்கிப்போய் ஊரைத் தாண்டிவிடுவேனோ என்பதுதான், அதை நான் அவரிடம் சொல்லவே இல்லை.

இரண்டு மணி நேரம் தூங்கியிருப்பேன். தோளில் ஒரு கை. "பிள்ள, விருதுநகர் தாண்டியாச்சு." சாத்தூரில் எழுப்பவில்லை, இருபது நிமிடம் முன்னாலேயே எழுப்பினார், முகம் துடைத்து, தலையை முடிந்து, பையை எடுத்துக்கொண்டு பதறாமல் இறங்குவதற்கு எவ்வளவு நேரம் வேண்டும் என்று கணக்குப் பார்த்து வைத்திருந்தார். நான் செருப்பைத் தேடிக்கொண்டிருக்கும்போதே எழுந்து முன்னால் போய் டிரைவரிடம் ஏதோ சொல்லிவிட்டு வந்தார்.

நாலுவழிச் சாலையில் ராத்திரி பஸ்கள் ஊருக்குள் போவதில்லை, பைபாஸில்தான் இறக்கி விடுவார்கள். ஒரே இருட்டு. தம்பியின் பைக் சாலைக்கு அந்தப் பக்கம் நின்றது. நான் இறங்கியும் பஸ் நகரவில்லை. ஹெட்லைட் வெளிச்சம் சாலை முழுக்க விழும்படி அப்படியே நின்றது. நான் நடுத்தடுப்பைத் தாண்டி, தம்பியிடம் போய்ச் சேர்ந்து, அவன் பையை வாங்கி முன்னால் வைத்த பிறகுதான் கிளம்பியது. கண்ணாடிக்குப் பின்னால் அவர் முகம் தெரிகிறதா என்று பார்த்தேன், தெரியவில்லை.

அப்பா அதற்குப் பிறகு நாலு நாள் இருந்தார்.

அந்த அம்மாவிடம் பெயரைக் கேட்கவில்லை. வாளியில் என்ன இருந்தது, யாருக்குக் கொண்டுபோனார் என்றும் கேட்கவில்லை. எனக்காக அவ்வளவு நேரம் கண் விழித்திருந்தவர், நான் இறங்கிய பிறகாவது கொஞ்சம் கண்ணயர்ந்திருப்பார். வள்ளியூருக்கு அங்கேயிருந்து இன்னும் இரண்டு மணி நேரத்துக்கு மேல் ஆகும். அவரை யார் எழுப்பி விட்டார்களோ.